பேனையைத் திரும்ப வாங்கிய டொக்டர்

என் குரலைப் பற்றி முதலில் சொல்லிவிட வேண்டும். இல்லாவிட்டால் மற்றதெல்லாம் விளங்காது. வெள்ளவத்தையில் கடற்கரைப் பக்கமாக இறங்கும் ஒழுங்கை ஒன்றில், நாலாம் மாடியில் எங்கள் வீடு. மீன்காரர் கீழே சைக்கிளை நிறுத்தினால், பல்கனியில் நின்றபடியே பாரை மீனுக்கு விலை பேசி முடித்துவிடுவேன். லிஃப்ட் பழுதான நாட்களில் அது முழுக் கட்டிடத்துக்கும் நன்மை. கீழ்மாடிப் பெண்கள் தங்களுக்கும் சேர்த்துப் பேசச் சொல்வார்கள். "உம்மடை குரல் தெஹிவளைச் சந்தி வரைக்கும் கேக்கும்" என்பார் என் கணவர். அவர் யாழ்ப்பாணத்தவர், மெல்லப் பேசுகிறவர். நான் ஜிந்துப்பிட்டியில் பிறந்து வளர்ந்தவள். அங்கே ஒரு வீட்டில் பேசுவது பக்கத்து வீட்டுக்குக் கேட்காவிட்டால், உள்ளே யாருக்கோ சுகமில்லை என்று வந்து எட்டிப் பார்ப்பார்கள்.

அந்தக் குரலை வைத்துத்தான் என் வேலையும். வீட்டிலிருந்து இரண்டு ஒழுங்கை தள்ளி ஒரு பழைய வீட்டின் முன் அறையில் சின்னப் பிள்ளைகளுக்கு நேசரி நடத்துகிறேன். பாட்டு, கதை, எண்ணப் பழக்குவது, மூக்கைச் சிந்திவிடுவது எல்லாம் நான்தான். ஒருத்தனை மேசையிலிருந்து இறக்குவதற்குள் இன்னொருத்தன் ஜன்னல் கம்பியில் ஏறியிருப்பான். எழுந்து ஓட முடியாது, குரலைத்தான் அனுப்ப வேண்டும். என் அம்மாவிடம் நகை இல்லை, காணி இல்லை. எனக்குத் தந்தது இந்தத் தொண்டை மட்டும்தான் என்று பெருமையாகச் சொல்லிக்கொள்வேன்.

அந்தத் தொண்டையில்தான் கழலை வந்தது.

பல வருடங்களாக அது சும்மா இருந்தது. கழுத்தில் ஒரு சின்ன வீக்கம். சங்கிலி போட்டால் மறைந்துவிடும். பிறகு சங்கிலிக்கு அடங்கவில்லை. மல்லாந்து படுத்தால் மூச்சு முட்டியது. பாண் துண்டு விழுங்கும்போது எங்கேயோ நின்று நிதானித்துப் போனது. கணவர் அரித்து அரித்து என்னை அரசாங்க ஆஸ்பத்திரி ஒன்றின் கிளினிக்குக்குக் கூட்டிக்கொண்டு போனார். எந்த ஆஸ்பத்திரி என்று எழுதப் போவதில்லை. ஸ்கேன் எடுத்தார்கள். ஊசி போட்டு உறிஞ்சிப் பார்த்தார்கள். புற்றுநோய் இல்லை, ஆனால் கழலை மூச்சுக்குழாயை நெரிக்கிறது, ஒபரேஷன் செய்வது நல்லது என்றார் பெரிய டொக்டர்.

இதைப் பெரிய டொக்டர் சொன்னார் என்று எழுதுகிறேனே தவிர, என் காதால் நான் கேட்டது மிகக் கொஞ்சம். ஏனென்றால் நான் 'ஹரி' சொல்லிக்கொண்டிருந்தேன்.

இதைக் கொழும்புத் தமிழருக்கு விளக்கத் தேவையில்லை. மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். சிங்களத்தில் 'ஹரி' என்றால் சரி. எனக்குச் சிங்களம் தெரியாது என்று யாரும் சொல்ல முடியாது. மார்க்கட்டில் சிங்களத்தில் சண்டை பிடிப்பேன், பஸ்ஸில் கொண்டக்டரிடம் மிச்சக் காசு வாங்குவேன். ஆனால் மேசைக்கு அந்தப் பக்கம் இருக்கிறவர்கள் பேசும் சிங்களம் வேறு. அந்தச் சொற்கள் மார்க்கட்டுக்கு வராதவை. யுத்த காலத்தில் சோதனைச் சாவடியில் அடையாள அட்டையை நீட்டிக்கொண்டு நிற்கும்போது அவர்கள் ஏதோ கேட்பார்கள். பாதி விளங்கும். மறுபடி சொல்லுங்கள் என்று கேட்டால் கேள்வி ஒன்று இரண்டாகும். 'ஹரி, ஹரி' என்று தலையாட்டினால் போகவிடுவார்கள். பொலிஸில் பதியப் போனாலும் ஹரி. கச்சேரியில், அதாவது அரசாங்கக் கந்தோரில், ஹரி. வங்கியில் ஹரி. சாவடிகளை எடுத்துவிட்டார்கள். ஹரி மட்டும் என் வாயிலேயே இருந்துவிட்டது. உத்தியோக உடுப்பில் ஒருவரைக் கண்டால், அவர் வாயைத் திறக்கு முன் நான் சம்மதித்துவிடுவேன். வீட்டில் ஒரு தேங்காய்க்கும் சம்மதிக்க மாட்டேன், அது வேறு கதை.

கிளினிக்கிலும் அதே கூத்துதான். பெரிய டொக்டர் என்னைப் பார்த்துப் பேசினார். நான் ஹரி என்றேன். பிறகு அவர் என் கணவரைப் பார்த்துப் பேசினார். கணவர் ஒருகொடவத்தையில் கொன்டெய்னர் யார்ட் ஒன்றில் முப்பது வருடத்துக்குக் கிட்ட வேலை செய்தவர், சிங்களமும் இங்கிலீசும் நன்றாகத் தெரியும். அவர் கேள்வி கேட்டார், முகம் சுருங்கியது, இன்னொன்று கேட்டார். வெளியே வந்து பஸ்ஸுக்கு நிற்கும்போது, "என்னவாம்?" என்றேன்.

"ஒண்டுமில்லை. கட்டியை எடுத்துவிட்டால் சரியாம். பயப்பட ஒண்டுமில்லையாம்."

அவ்வளவு நீளமாகப் பேசியது இவ்வளவு சின்னதாகிவிட்டதே என்று எனக்குத் தோன்றியது. ஆனால் நான் கேட்கவில்லை. எங்கள் குடும்பத்தில் இப்படித்தான். சுகமில்லாதவருக்குச் சொல்வதற்கு ஒரு கதை, மற்றவர்கள் தங்களுக்குள் பேசிக்கொள்ள இன்னொரு கதை. மாமனாருக்கு இருதயத்தில் அடைப்பு என்றபோது அவருக்கு வாயு என்றுதான் கடைசிவரை சொன்னோம். நானும்தான் சொன்னேன், இஞ்சியும் இடித்துக் கொடுத்தேன். அது பொய் என்று எங்களில் யாரும் நினைத்ததில்லை. பாரத்தை நோயாளியின் தலையில் வைக்காமல் நாங்கள் சுமக்கிறோம் என்றுதான் நினைத்தோம்.

வார்ட்டில் சேர்ந்த நாள். ஒபரேஷன் மறுநாள் காலை. மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு கட்டிலில் உட்கார்ந்து பக்கத்துக் கட்டில்காரரோடு கதைத்துக்கொண்டிருந்தேன். அவர் மருதானைப் பக்கத்து முஸ்லிம் பெண், என்னைவிட மூத்தவர். இரண்டு பேரும் ஒரு மணித்தியாலத்தில் ஒருவர் குடும்பத்தை மற்றவர் கரைத்துக் குடித்துவிட்டோம். அப்போது ஒரு சின்னப் பிள்ளை வந்து நின்றது. முதலில் மாணவி என்று நினைத்தேன். ஸ்டெதஸ்கோப்பைப் பார்த்துத்தான் டொக்டர் என்று விளங்கியது. கையில் ஒரு கடதாசியும் பேனையும் இருந்தன.

"அம்மா, இதுல ஒப்பம் வைக்க முன்னால நாங்க கொஞ்சம் கதைக்கணும்" என்றார். தமிழ்! சிங்களப் பிள்ளைதான், குருநாகல் பக்கமாம், வேலைக்குச் சேர்ந்த முதல் வருடம் மட்டக்களப்பில் இருந்தாராம். மட்டக்களப்புத் தமிழில் சிங்கள இழுவை கலந்து, கேட்க நன்றாக இருந்தது.

"ஹரி, ஹரி" என்று சொல்லிப் பேனையை வாங்கினேன். எங்கே வைக்க வேண்டும் என்று கடதாசியில் கோடு தேடினேன்.

அந்தப் பிள்ளை என் விரலுக்குள்ளிருந்து பேனையை மெல்லத் திரும்ப வாங்கினார்.

"நான் இன்னும் ஒண்டும் சொல்லல்லையே அம்மா. எதுக்கு ஹரி?"

இந்தக் கேள்வியை என் வாழ்நாளில் யாரும் என்னிடம் கேட்டதில்லை. பக்கத்துக் கட்டில்காரர் சிரித்துவிட்டார். எனக்கு முகம் சூடாகியது.

சின்ன டொக்டர் கட்டில் ஓரத்தில் கதிரையை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். "நாளைக்கு உங்களுக்கு என்ன செய்யப் போறம்? நீங்க எனக்குச் சொல்லுங்க பாப்பம்."

கதை சொல்லி முடித்ததும் நேசரிப் பிள்ளைகளிடம் நான் கேட்பதும் இதுதான். இப்ப நீங்க டீச்சருக்கு அந்தக் கதையைச் சொல்லுங்கோ. என்னையே சின்னக் கதிரையில் இருத்தி வைத்தது போல எரிச்சலாக இருந்தது. ஆனால் பதில் சொல்லாமல் இருக்கவும் முடியவில்லை.

"கட்டியை வெட்டி எடுப்பீங்கள்."

"பிறகு?"

"பிறகு வீட்டை போவன்."

"அதுக்கிடையில வேற என்னவும் நடக்கலாம் எண்டு ஆரும் சொன்னாங்களா?"

"ஒண்டும் நடக்காதெண்டு என்ரை மனுசன் சொன்னவர்."

அவர் என் ஆஸ்பத்திரிக் கோவையைப் புரட்டினார். பிறகு, "அம்மா என்ன வேலை செய்றீங்க?" என்றார்.

"நேசரி டீச்சர்."

அவருடைய கை நின்றுவிட்டது. கையுறைப் பெட்டி ஒன்றின் மட்டையைக் கிழித்து அதன் பின்பக்கத்தில் படம் கீறத் தொடங்கினார். நடுவில் மூச்சுக்குழாய். அதன் இரண்டு பக்கமும் செட்டை விரித்த மாதிரிக் கழலை. அதற்குப் பின்னால், இந்தப் பக்கம் ஒன்று அந்தப் பக்கம் ஒன்றாக இரண்டு மெல்லிய கோடுகள்.

"இது ரெண்டும் குரல் நரம்பு. நூல் மாதிரி இருக்கும். கட்டியை எடுக்கக்குள்ள நாங்க இதை மிச்சம் கவனமாப் பாப்பம். எண்டாலும் சில நேரம் நரம்பு நோகும். நொந்தா குரல் அடைக்கும். கூடப் பேருக்குக் கொஞ்ச நாளில சரி வரும். சில பேருக்கு வாறல்ல. கொஞ்சப் பேருக்குத்தான் அப்படி. ஆனா உங்களுக்கு வராது எண்டு நான் சொல்ல ஏலாது."

வேறும் சொன்னார். இரத்தம் கசியலாம், கல்சியம் குறைந்து விரல் நுனி விறைக்கலாம், முழுக் கழலையையும் எடுத்தால் ஒவ்வொரு நாளும் குளிசை போட வேண்டும். ஒவ்வொன்றாக, நான் ஹரி சொல்ல இடம் கொடுக்காமல், நடுநடுவே திருப்பிக் கேட்டுக் கேட்டுச் சொன்னார். எனக்கு அந்த இரண்டு நூலைத் தவிர வேறெதுவும் தலைக்குள் போகவில்லை.

பயம் வந்தால் எனக்குக் கோபமும் கூடவே வரும். அந்தப் பிள்ளையில் பாய்ந்தேன். "நாளைக்கு ஒபரேஷனை வைச்சுக்கொண்டு இண்டைக்கு வந்தோ இதைச் சொல்லுறது? அறுபது வயசு வரப்போற மனிசியை இப்பிடியோ பயப்பிடுத்துறது?" வார்ட் முழுக்கத் திரும்பிப் பார்த்தது. என் குரலுக்கு அது பெரிய வேலையில்லை.

அவர் எழும்பிப் போகவில்லை. முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்ளவுமில்லை.

"ஓம் அம்மா. இது முதல் நாளே உங்களுக்கே சொல்லியிருக்கணும். அது எங்கட பிழைதான். நீங்க ஹரி எண்டதும் விளங்கிட்டு எண்டு நினைச்சிருக்கம். இப்ப நீங்க ஒப்பம் வைக்காட்டிலும் பரவால்ல. வைச்ச பிறகும் வேணாம் எண்டு சொல்லலாம். நாளைக்கு உள்ளுக்குப் போற வரைக்கும் சொல்லலாம். ஒருத்தரும் ஏச மாட்டாங்க."

ஒப்பம் வைத்த பிறகும் வேண்டாம் என்று சொல்லலாம்! ஒப்பம் என்றால் அதோடு முடிந்தது என்றுதான் நான் அதுவரை வைத்திருந்த எண்ணம். அவர் பேனையைச் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டு, படம் கீறிய மட்டையை மட்டும் என் தலையணைக்குப் பக்கத்தில் வைத்துவிட்டுப் போனார்.

பின்னேரம் நோயாளர்களைப் பார்க்கும் நேரத்துக்குக் கணவரும் அவருடைய அக்காவும் சூப்போடு வந்தார்கள். அக்கா எனக்கு மச்சாள், கொட்டாஞ்சேனையில் இருக்கிறார். எங்கள் குடும்பத்தில் கல்யாணம், காணி, கொழுக்கட்டைக்கு எவ்வளவு சீனி என்பது வரைக்கும் மச்சாளைக் கேட்காமல் நடக்காது. நான் மட்டையைத் தூக்கிக் கணவரின் முகத்துக்கு நேரே பிடித்தேன்.

"இந்த ரெண்டு நூலைப் பற்றி உங்களுக்குத் தெரியுமோ?"

அவர் பொய் சொல்லத் தெரியாத மனிதர். எல்லாம் வெளியே வந்தது. டொக்டர் கிளினிக்கிலேயே அவரிடம் சொல்லியிருக்கிறார். அவர் மச்சாளிடம் சொன்னார். மச்சாள் கனடாவிலுள்ள எங்கள் மகளிடம் சொன்னார். மூவரும் வாட்ஸப்பில் என்னை விட்டுவிட்டு ஒரு குரூப் தொடங்கி, எனக்குச் சொல்வதில்லை என்று ஒருமனதாக முடிவெடுத்திருக்கிறார்கள். என் தொண்டையைப் பற்றிக் கொழும்பிலும் டொரொன்டோவிலும் கூட்டம் நடந்திருக்கிறது. தொண்டைக்குச் சொந்தக்காரிக்கு மட்டும் அழைப்பு இல்லை.

"சொன்னா நீர் வரமாட்டீர்" என்றார் கணவர்.

"வரமாட்டன்தான்!"

"அதுதான் சொல்லேல்லை. நீர் நித்திரையில மூச்சு இழுக்கிற சத்தம் உமக்குத் தெரியாது. நான்தான் அதைக் கேட்டுக்கொண்டு கிடக்கிறனான். நிண்டு போகுமோ எண்டு."

மச்சாள் இடையில் புகுந்தார். "குரல் பெரிசோ உயிர் பெரிசோ? ஒப்பத்தைப் போட்டிட்டுப் படும். பிறகு கதைப்பம்."

"பிறகு எதாலை கதைக்கிறது மச்சாள்?"

பக்கத்துக் கட்டில்காரர் போர்வையை இழுத்துவிட்டபடி, யாரையும் பார்க்காமல் சொன்னார்: "அவங்கட தொண்ட. அவங்கதானே முடிவு செல்லோணும்." மச்சாளுக்கு வெளியாள் பேசியது பிடிக்கவில்லை. எனக்கு அந்த நேரத்தில் அவரைக் கட்டிப்பிடிக்க வேண்டும் போல இருந்தது.

அன்று நான் ஒப்பம் வைக்கவில்லை.

மறுநாள் காலை பெரிய டொக்டர் தன் பரிவாரத்தோடு வந்தார். நல்ல ஏச்சு விழப்போகிறது என்று கட்டிலில் ஒடுங்கி உட்கார்ந்திருந்தேன். எங்கள் காலத்தில் டொக்டரின் சொல்லைத் தட்டினால் கோவையைத் தூக்கி எறிவார்கள். அவர் ஏசவில்லை. கதிரையில் உட்கார்ந்து, ஒரு வசனம் சொல்லி நிறுத்தினார். சின்ன டொக்டர் அதைத் தமிழில் சொன்னார். பிறகு அடுத்த வசனம். இன்று வீட்டுக்குப் போகலாம். யோசித்து, கேள்விகளோடு கிளினிக்குக்கு வரலாம். ஆனால் அதிக நாள் தள்ள வேண்டாம், மூச்சுத் திணறினால் உடனே வர வேண்டும். எனக்காக ஒதுக்கியிருந்த ஒபரேஷன் நேரத்துக்கு அன்று வேறொரு நோயாளியைக் கொண்டு போனார்கள். எனக்குக் கொஞ்சம் வெட்கமாகவும் இருந்தது. வேண்டாம் என்று சொன்ன ஒருத்திக்கு இவ்வளவு மரியாதையா என்று வாசலைத் தாண்டும் வரைக்கும் எனக்குச் சந்தேகமாகவே இருந்தது.

வீட்டில் கணவரோடு சில நாள் பேசவில்லை. அது எங்கள் மாடியில் பெரிய செய்தியாகி, கீழ்மாடிப் பெண் வந்து "அன்ரி சுகமோ?" என்று கேட்டுப் போனார். பேசாமல் இருந்த நாட்களில் ஒரு வேலை செய்தேன். குரல் போய்விட்டால் எப்படியிருக்கும் என்று பார்க்க, ஒரு காலை நேசரியில் கிசுகிசுத்தே வகுப்பு நடத்தினேன். பிள்ளைகளுக்கு அது புது விளையாட்டு. அவர்களும் கிசுகிசுத்தார்கள். கொஞ்ச நேரம் அறை கோயில் போல இருந்தது. பிறகு ஒருத்தன் ஜன்னல் கம்பியில் ஏறினான். ஏறி உச்சிக்குப் போய்விட்டான். நான் காற்றாகவே இறங்கு இறங்கு என்கிறேன், அவன் திரும்பியும் பார்க்கவில்லை. கடைசியில் ஒரு கத்துக் கத்தினேன். இறங்கிவிட்டான். நான் உட்கார்ந்து அழுதேன்.

அன்று லிஃப்டும் வேலை செய்யவில்லை. நாலு மாடியும் ஏறினேன். மூன்றாம் மாடியில் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றபோது என் மூச்சு சீறும் சத்தம் முதல் தடவையாக எனக்கே கேட்டது. கணவர் இரவெல்லாம் கேட்டுக்கொண்டு கிடந்தது இதைத்தான். மேலே போய், "தேத்தண்ணி போடட்டோ?" என்று கேட்டேன். அவருக்கு நிம்மதியில் கண் நிறைந்துவிட்டது.

கிளினிக்குக்கு இரண்டு பேரும் போனோம். ஒரு நிபந்தனை: அவர் மொழிபெயர்க்கக் கூடாது. சின்ன டொக்டர் வரும் வரைக்கும் காத்திருந்தோம். நான் மட்டையையும் கொண்டு போயிருந்தேன். மேசையில் வைத்துக் கேட்டேன்: அப்படியே விட்டால் என்ன ஆகும்? நெரிக்கிறது எந்தப் பக்கம்? அந்தப் பக்கத்தை மட்டும் எடுத்தால் என்ன?

கடைசிக் கேள்வியைக் கேட்டதும் பெரிய டொக்டர் ஸ்கேன் படத்தை எடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். பிறகு சொன்னார்: நெரிப்பது இடப்பக்கம்தான். இரண்டையும் எடுப்பது வழக்கம், ஏனென்றால் மிஞ்சிய பக்கம் பிறகு வளர்ந்தால் இன்னொரு ஒபரேஷன் வேண்டியிருக்கும். ஆனால் ஒரு பக்கம் மட்டும் எடுக்கலாம். அப்படியென்றால் ஆபத்து ஒரு நரம்புக்கு மட்டும்தான். "உங்களுக்கு எது முக்கியம் எண்டு எங்களுக்குத் தெரியாதே அம்மா" என்று சின்ன டொக்டர் அதைத் தமிழில் முடித்தார். "அது உங்களுக்குத்தான் தெரியும்."

மேசைக்கு அந்தப் பக்கம் இருக்கிறவர்களுக்குத் தெரியாத ஒன்று எனக்குத் தெரியும் என்று அந்தப் பக்கத்திலிருந்தே ஒருவர் சொன்னது எனக்கு அதுதான் முதல் தடவை. ஒரு பக்கம் மட்டும் என்றேன். மற்றது வளர்ந்தால் அப்போது பார்ப்போம் என்றேன். கணவர் மேசைக்குக் கீழே என் கையைப் பிடித்துக்கொண்டிருந்தார். மச்சாளுக்குப் பிறகு போனில் சொன்னபோது, இது என்ன புதுப் பழக்கம் என்றார். ஆனால் ஒபரேஷன் நாளன்று ஜிந்துப்பிட்டி முருகனுக்கு அர்ச்சனை செய்வித்ததும் அவர்தான்.

இந்த முறை வார்ட்டில் சின்ன டொக்டர் கடதாசியோடு வந்ததும், அவர் கேட்க முன்னமே எல்லாவற்றையும் ஒப்புவித்தேன். எந்தப் பக்கம், எதற்காக, எந்த நூல், குரல் போனால் என்ன, இரத்தம் கசிந்தால் என்ன. அவர் சிரித்துக்கொண்டு பேனையை நீட்டினார். முழுப் பெயரையும் தமிழில், ஒரு எழுத்தும் குறையாமல் எழுதினேன்.

கண் விழித்தபோது முதலில் தெரிந்தது மூச்சு. நெடுநாளுக்குப் பிறகு மல்லாந்து படுத்திருக்கிறேன், காற்று தடையில்லாமல் போய் வருகிறது. கணவர் பக்கத்தில் நின்றார். அவரைக் கூப்பிட வாயைத் திறந்தேன். காற்றுத்தான் வந்தது.

பயப்படவில்லை என்று சொன்னால் பொய். ஆனால் அந்தப் பயத்துக்கு ஒரு உருவம் இருந்தது. கையுறைப் பெட்டி மட்டையில் கீறிய ஒரு கோடு, இடப்பக்கத்துக் கோடு. இது நடக்கலாம் என்று எனக்குச் சொல்லப்பட்டிருந்தது, நடந்திருக்கிறது. சொல்லாமல் விட்டிருந்தால், அந்தக் கட்டிலில் என்ன நினைத்திருப்பேன் என்று இப்போதும் யோசிப்பதுண்டு. யாரோ என்னை ஏமாற்றிவிட்டார்கள் என்றுதான் நினைத்திருப்பேன். அதுவும், முதலில் என் கணவரைத்தான் நினைத்திருப்பேன். அந்த நல்ல மனிதரை ஆயுள் முழுக்க மன்னித்திருக்க மாட்டேன். என்னை எனக்குத் தெரியும்.

பிறகு மாதக்கணக்கில் குரல் பயிற்சி. கண்ணாடி முன் நின்று 'ஆ' என்றும் 'ஈ' என்றும் ஊதிக்கொண்டிருப்பேன். கணவரும் பக்கத்தில் நின்று ஊதுவார். அவருக்குத் தேவையில்லை, எனக்குத் துணைக்கு. குரல் வந்தது, பாதி. கரகரத்த, தாழ்ந்த ஒரு குரல். தூரம் போகாது. மீன் விலையை இப்போது இரண்டாம் மாடிப் பெண் பேசுகிறார், மீன்காரர் சொன்ன விலைக்கே வாங்குகிறார். பல்கனியில் நின்று பல்லைக் கடித்துக்கொண்டு பார்க்கிறேன். நேசரியில் பாட்டுக்கு ஒரு இளம் டீச்சரை எடுத்திருக்கிறேன். ஜன்னல் கம்பிக்கு வலை அடித்தாயிற்று. கதை மட்டும் நான்தான் சொல்கிறேன். என் குரல் கேட்க வேண்டுமென்றால் பிள்ளைகள் கிட்ட வந்து ஒட்டிக்கொண்டு உட்கார வேண்டும். வருகிறார்கள். பழைய குரலை நினைத்து ஏங்குகிற நாட்களும் உண்டு, அதை மறைக்கப் போவதில்லை.

கடைசியாகக் கிளினிக்குக்குப் போனது போன கிழமை. மூக்கு வழியாகக் கமரா விட்டுப் பார்த்தார்கள். விடமுன்னம் என்ன செய்யப் போகிறோம், எப்படி இருக்கும், வேண்டாம் என்றால் கையைத் தூக்குங்கள் என்று சின்ன டொக்டர் ஒவ்வொன்றாகச் சொன்னார். முடிந்த பிறகு எதிரே உட்கார்ந்து, சுற்றி வளைக்காமல் சொன்னார்: இடப்பக்கக் குரல் நாண் அசையவில்லை. இவ்வளவு காலம் போன பிறகு அது இனி அசையுமென்று நம்பிக்கை குறைவு. வலப்பக்கம் நன்றாக வேலை செய்கிறது. இந்தக் குரல் இப்படியே இருக்கும்.

கோவையில் எழுதிக்கொண்டே, தலையை நிமிர்த்தாமல் கேட்டார்: "எங்களோட கோவமா அம்மா?"

கணவர் என்னைப் பார்த்தார். நான் தொண்டையைச் செருமிக்கொண்டேன். மேசைக்கு அந்தப் பக்கம் கேட்க வேண்டுமே.

"இல்லை மகள். இது ஆரும் என்னட்டை இருந்து எடுத்ததில்லை. நீங்கள் கேட்டனீங்கள், நான் குடுத்தனான்."

அந்தப் பிள்ளை பேனையைக் கீழே வைத்துவிட்டு என் கையைப் பிடித்துக்கொண்டார்.